அலுமாரி அடிக்க முதல் சுவரத் தொட்டுப் பாருங்க

வீட்டுக்கு அளவெடுக்கப் போனா ஆக்கள் முதல்ல காட்டுறது போன்ல சேவ் பண்ணி வெச்ச படத்த. வெள்ளைக் கதவு, உள்ளுக்க மஞ்ச லைட்டு, எல்லாம் ஒரே கலர்ல தொங்குற சேட்டு. வடிவாத்தான் இரிக்கும், இல்லையெண்டு சொல்றதுக்கில்ல. நான் படத்தப் பாத்துட்டு நேரா அறைக்குள்ள போய் சுவர்ல உள்ளங்கைய வெச்சுப் பாப்பன். கீழ, ஒரு அடி உயரத்துல. அதுல கை குளிர்ந்தாலோ வெள்ளையா உப்புத் தூள் ஒட்டினாலோ கதவு என்ன கலர் எண்ட கதைய ஒரு பக்கம் வெச்சுட்டு வேற சுவரத் தேடத் தொடங்கிருவன்.

அண்ணன்ட மர வேலைப் பட்டறையில அளவெடுக்கிறது, வரையிறது, கணக்குப் பாக்கிறது என்ட வேலை. அறுக்கிறதும் பூட்டுறதும் அண்ணனும் தச்சுப் பாஸ்மாரும். மட்டக்களப்புப் பக்கம் கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி, காத்தான்குடி, அங்கால களுவாஞ்சிகுடி கல்முனை மட்டும் போறம், ஆத்துக்கு அங்கால படுவான்கரைக்கும் போறம். இவ்வளவு காலமும் பாத்ததுல எனக்கு விளங்கினது, நம்மட பகுதியில அலுமாரி பழுதாப் போறது பாவிச்சு இல்ல. ஈரத்துல, உப்புல, கறையான்ல. அதால இஞ்ச அலுமாரிய உள்ளுக்க இருந்து வரைய ஏலாது, சுவர்ல இருந்துதான் வரையணும்.

கார்த்திகையில இருந்து தை மட்டும் நமக்கு வாற மழை வடகிழக்கால சாய்ச்சு அடிக்கிற மழை. வடக்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் பாத்த வெளிச்சுவர் அந்த மூண்டு மாசமும் காயவே காயாது, வெளியில பெயின்ட் நல்லா இருந்தாலும் கல்லுக்குள்ள ஈரம் நிக்கும். அந்தச் சுவரோட ஒட்டி அலுமாரிய அடிச்சா பின் பலகைக்கும் சுவருக்கும் இடையில காத்து ஓடாம பூஞ்சணம் பிடிக்கும். கடற்கரைப் பக்கம் ஒரு டீச்சர் அக்கா வீட்டுல கடையில வாங்கின ரெடிமேட் அலுமாரி ஒண்டத் திறந்து காட்டினா, பின் ஹார்ட்போர்ட் முழுக்கக் கறுப்புப் புள்ளி, கல்யாணத்துக்கு வாங்கின லெதர் பேக்குல பச்சை வெள்ளையா மயிர் முளைச்ச கணக்கா கிடக்கு, ஹிஞ்சஸ் ஆணியெல்லாம் துருப்பிடிச்சு அந்தத் துரு கீழ இருந்த பள்ளிக்கூட வெள்ளைச் சாரியில ஒரு கோடா இறங்கி இரிக்கு. அலுமாரிக்கு வயசு மூண்டு வருசம் கூட இல்ல. அந்தச் சுவருக்குப் பின்னால பாத்ரூம். வெளிச்சுவரையும் பாத்ரூம் சுவரையும் விட்டா அந்த அறையில மிச்சம் இருந்தது ஹோல் பக்கத்துச் சுவர் ஒண்டுதான், அதுல ரீவி பொயின்ட் இருந்திச்சு. ரீவிய மாத்துங்க எண்டு சொன்னன். அவக்குப் பெரிசா விருப்பமில்ல, ஆனா அந்தச் சாரியத் திரும்பிப் பாத்துட்டு ஓம் எண்டுட்டா.

வேற வழியே இல்லாம வெளிச்சுவர்லதான் வைக்கணும் எண்டா ரெண்டு இஞ்சி இடைவெளி விட்டு வைங்க. பின் பலகையில மேலயும் கீழயும் ஓட்டை போடச் சொல்லுங்க, கீழால போற காத்து மேலால வெளியேறும். கதவுல லூவர், அதான் இடைவெளி விட்டுச் சாய்ச்சு அடுக்கின கீற்றுப் பலகை, போட்டா இன்னும் நல்லம், தூசி கொஞ்சம் போகும்தான், தூசியத் துடைக்கலாம், பூஞ்சணத்த என்ன செய்யிற. சீலிங் மட்டும் மூடி அடிக்கிறவங்க மேல ஒரு இஞ்சி கிறில் ஆவது விடணும்.

கறையான் கதை வேற. அது கூடுதலா மேலால வாறல்ல, தரையும் சுவரும் சேர்ற மூலையில ஒரு நூல் அளவு வெடிப்பு இருந்தா போதும், அதுக்குள்ளால மண் குழாய் கட்டிட்டு வரும். மரத்த நேரா தரையில வைக்கவே கூடாது. நாங்க கல்லு வெச்சுப் பூசி மேல டைல் ஒட்டி 4 இஞ்சி உயரத்துல ஒரு திண்டு கட்டுவிச்சு அதுக்கு மேலதான் அலுமாரிய ஏத்துறம். வெள்ளம் வாற இடங்கள்ல அந்தத் திண்ட இன்னும் உயர்த்துறம். 2011 தை வெள்ளத்துல அலுமாரி ஊறிப்போன ஆக்கள்கிட்ட இதுக்கு விளக்கம் சொல்லத் தேவையே இல்ல, அவங்களே "பிள்ள, ஒரு அடிக்குக் கட்டுங்க" எண்டுதான் தொடங்குவாங்க. திண்டோட முன் விளிம்ப கதவுல இருந்து 3 இஞ்சி உள்ளுக்கு எடுத்தா கால் விரல் போய் நிக்க இடம் கிடைக்கும், கிட்ட நிண்டு மேல் தட்ட எட்டலாம். புது வீடு எண்டா தரைக்குக் கொங்றீட் போட முதலே மண்ணுக்குக் கறையான் மருந்து அடிச்சிருங்க, பிறகு அடிக்கிறது ஓட்டைக்குள்ள ஊசி போடுற வேலைதான்.

இனி பலகை. எல்லாரும் கேக்கிறது "எது நல்லம்". எம்.டி.எப், அதான் மர நார அமத்திச் செய்யிற பலகை, கதவுக்கு வழுவழுப்பா பெயின்ட் ஏறும், அதுல குறை சொல்ல மாட்டன், ஆனா விளிம்பால தண்ணி போச்செண்டா பாணத் தேத்தண்ணியில தோய்ச்ச கணக்கா ஊதிரும், பிறகு அது திரும்பி வாறல்ல. மெலமைன் போர்ட் விலை குறைவு, வேலை சுறுக்கா முடியும், லேசில கீறல் விழாது, ஆனா உள்ளுக்க இருக்கிறது அமத்தின மரத்தூள், அதால வெட்டின எல்லா விளிம்புக்கும் எட்ஜ் பேண்ட், விளிம்ப மூடுற பட்டி, ஒட்டணும். எல்லா விளிம்புக்கும் எண்டா கண்ணுக்குத் தெரியாத பின் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் சேத்துத்தான், கூலி குறைக்கிற ஆக்கள் முதல்ல விடுறது அந்த ரெண்டையும்தான், குனிஞ்சு விரலால தடவிப் பாருங்க. பிளைவூட் விலை கூட, ஆணி நல்லாப் பிடிக்கும், தொங்கல் தாங்கும். என்ட கணக்கு, காசு மட்டா இருந்தா உடம்புக்கும் தட்டுக்கும் பிளைவூட், கதவுக்கு மெலமைன். மற்றப் பக்கமாச் செய்யிறவங்கதான் கனபேர், வெளியில பளபளப்பா கதவு, உள்ளுக்க தட்டு தொய்ஞ்சு போய் கிடக்கும். 18 மில்லிமீட்டர் மெலமைன்ல தட்டு 30 இஞ்சிக்கு மேல நீளமாப் போட்டா நடுவில கட்டாயம் தொய்யும், இடையில ஒரு நிமிர்ந்த பலகை குடுங்க. 2022ல ரூபா விழுந்து போர்ட் விலை ஏறினதுக்குப் பிறகு 8க்கு 4 ஷீட்ட எப்பிடி வெட்டினா கழிவு குறையும் எண்டு பாத்துத்தான் நான் அளவே போடுறன், தட்டு அகலம் 16 இஞ்சியில இருந்து 15½க்கு இறங்கினா 4 அடி அகலத்துல மூண்டு துண்டு வாள்வெட்டோட சேத்துச் சரியா வரும், பாவிக்கிற ஆளுக்கு அந்த அரை இஞ்சி தெரியவும் தெரியா.

நல்ல மரம் வேணும் எண்டு நிக்கிறவங்களும் இரிக்காங்க. தேக்கு, முதிரை, பலா. குறை சொல்ல ஒண்டுமில்ல, ஆனா மரம் மாரியில ஊதும், கச்சான் காத்து அடிக்கிற வெயில் காலத்துல சுருங்கும், ஒரு அடி அகலப் பலகை அந்த ரெண்டு காலத்துக்கும் இடையில ரெண்டு மூண்டு மில்லிமீட்டர் கூடிக் குறையும். மார்கழியில லாச்சி (இழுப்பறை) இறுகுது எண்டு பாஸக் கூப்பிட்டு சீவுவிச்சவங்க ஆடியில பென்சில் போற அளவு இடைவெளியோட நிப்பாங்க. மழைக்குள்ள இறுகினா மெழுகுதிரிய ரெயில்ல தேய்ச்சுட்டு பொறுத்திருங்க. அலுமினியம் ஃப்ரேம்ல அடிக்கிறது இப்ப குசினிக்குக் கனக்க ஓடுது, கறையானும் இல்ல ஊதலும் இல்ல, கழுவலாம். அறைக்குள்ள எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கிறல்ல, அது என்ட விருப்பம்.

ஹிஞ்சஸ், ஹேங்கர் கொழுவுற றொட், கைபிடி இதுகள்லதான் கடல் தன்ட வேலையக் காட்டும். கடலுக்குக் கிட்ட இரிக்கிற வீட்டுக்கு 304 எண்டு போட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹிஞ்சஸ்தான் கேளுங்க. காந்தம் ஒண்டு கொண்டு போய் ஒட்டிப் பாருங்க, இறுக்கிப் பிடிச்சா அது 304 இல்ல, கூடுதலா முலாம் போட்ட இரும்பாத்தான் இரிக்கும். 7 அடிக் கதவுக்கு நாலு ஹிஞ்சஸ் வேணும், மூண்டோட நிப்பாட்டினா ஒரு வருசத்துல கதவு கீழ இறங்கும். சிலைடிங் கதவு கேக்கிறவங்களுக்கு நான் ஒண்டு சொல்லுவன், கல்லடிப் பக்கம் கால்ல மணல் ஒட்டாம வீட்டுக்குள்ள வாற ஆள் ஆரும் இல்ல, அந்த மணல் எல்லாம் கீழ் ரெயில்லதான் போய் நிக்கும், சில்லு அரைபடும். மேல தொங்குற ரெயில் எண்டா சரி, அதுக்கு மேல பலமான பலகை வேணும். அதோட ரெண்டு கதவு சிலைடிங்கில எப்பவும் பாதி அலுமாரிதான் திறக்கும், காலையில புருசனும் பொஞ்சாதியும் ஒரே நேரத்துல வேலைக்கு வெளிக்கிடுற வீட்டுல அது சண்டை. 10க்கு 10 அறையில கூட, 2 அடி அலுமாரிக்கும் 5 அடிக் கட்டிலுக்கும் பிறகு 3 அடி மிஞ்சும், கதவ 18 இஞ்சிக்கு மேல அகலமாப் போடாட்டி சாதாரண ஹிஞ்சஸ் கதவே திறக்கும்.

சரி, சுவரும் பலகையும் முடிஞ்சா பிறகுதான் உள்ளுக்க. இதுல என்ட வழி ஒண்டே ஒண்டு. இருக்கிற உடுப்பு எல்லாத்தையும் கட்டில்ல கொட்டச் சொல்லுவன். முகம் சுழிப்பாங்க, கொட்டுவாங்க. தொங்கவிடுறது ஒரு குவியல், மடிக்கிறது ஒரு குவியல், வருசத்துக்கு ஒருக்கா எடுக்கிறது ஒரு குவியல். அந்த மூண்டாவது குவியல்தான் எல்லா வீட்டுலயும் பெருசு, அதுதான் ஆகலும் நல்ல இடத்துல, கண்ணுக்கு நேரா இருந்திருக்கும். அத மேல ஏத்தினாலே பாதி வேலை முடிஞ்சிது.

அளவுகள் இதுதான். ஹேங்கர் அகலம் 17, 18 இஞ்சி, அதால உள்ளுக்க ஆழம் 22 இஞ்சியாவது வேணும், 18ல அடிச்சுட்டு ஹேங்கரச் சரிச்சுக் கொழுவுற வீடுகள் கனக்கக் கண்டிரிக்கன். சேட்டு, மடிச்ச காற்சட்டைக்கு றொட்டுக்குக் கீழ 40 இஞ்சி. ஆம்புள ஆக்கள்ட பக்கம் மேல ஒண்டு கீழ ஒண்டு எண்டு ரெண்டு றொட் போட்டா 7 அடிக்குள்ள அடங்கும், இடம் ரெண்டு மடங்கு ஆகும். காத்தான்குடியில ஒரு ராத்தா வீட்டுல அபாயா மட்டும் ஒரு கதவு நிறைய, அதுக்கு 60 இஞ்சி வேணும், கீழ மடங்கி நிலத்துல தேய்ஞ்சா கரைக்கு அழுக்குப் பிடிக்கும், அங்க ரெண்டு றொட் கதையே இல்ல. ஹேங்கர்ல போடுற சாரிக்கு 36 இஞ்சி காணும். மடிக்கிற உடுப்புக்குத் தட்டுக்குத் தட்டு 12 இஞ்சி, அதுக்கு மேல உயரம் விட்டா அடுக்கு சரியும், கீழ இருக்கிறத இழுக்க மேல இருக்கிறது எல்லாம் விழும்.

பட்டுச் சாரிய ஹேங்கர்ல வருசக் கணக்கா தொங்கவிடாதீங்க, சரிகைப் பாரத்துக்குத் துணி இழுபடும். பழைய பருத்தித் துணியில சுத்தி தட்டுல வைங்க, பொலித்தீன் பேக்குல வேணாம், ரெண்டு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா மடிப்ப மாத்துங்க, ஒரே மடிப்புல கிடந்தா சரிகை முறியும். நப்தலின் உருண்டை சரிகையில படக் கூடாது, ஒரு சின்னத் துணியில முடிஞ்சு மூலையில தொங்கவிடுங்க. அந்தப் பட்டுத் தட்ட எப்பவும் நான் அலுமாரிக்கு நடுவில வைக்கிறன், கீழயும் இல்ல வெளிச்சுவர்ப் பக்கமும் இல்ல.

உயரத்த ஆளப் பாத்து வைக்கணும். முழங்கால் நோவு இருக்கிற அம்மாமாருக்கு தினமும் எடுக்கிற சாமான் எல்லாம் 2 அடிக்கும் 4½ அடிக்கும் இடையில. 6 வயசுப் புள்ளைக்கு 40 இஞ்சியில ஒரு சின்ன றொட், அதுல அஞ்சு நாள் யூனிஃபோமும் கீழ சப்பாத்துத் தட்டும். புள்ள வளர வளர றொட் ஏறணும், அதுக்கு ரெண்டு பக்கமும் வரிசையா ஓட்டை துளைச்சு விட்டா போதும், ஸ்க்ரூ டிரைவர் ஒண்டோட நீங்களே மாத்தலாம்.

நம்மட ஊர்ல அலுமாரி வரையிறதுல ஆகக் கஷ்டம் அளவு இல்ல, ஆருட அலுமாரி எண்டுறது. வீடு மகளுக்குச் சீதனம், மருமகன் வந்து இருக்கிறார், அம்மாவும் அப்பாவும் பின் அறையில. வீட்ட எழுதிக் குடுத்தாச்சு, அலுமாரிச் சாவிய இன்னும் குடுக்கல்ல. கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வீட்டுல அப்பிடித்தான், மகள் சுவர் முழுக்க அலுமாரி கேட்டா, அந்தச் சுவரோட பெத்தாட காலத்துப் பெட்டகம் ஒண்டு நிண்டிச்சு. முதிரை, கறுத்துப் போன பித்தளைப் பூட்டு, 5 அடி நீளம்.

"அம்மா, கொழும்புல இருந்து பழைய சாமான் வாங்க ஆக்கள் வாறாங்களாம், குடுத்துருவமே" எண்டா மகள்.

அம்மா மகளப் பாக்கல்ல, என்னைத்தான் பாத்தா. "மகள், நீ வரையிறதுல இதுக்கு ஒரு இடம் வை. இல்லாட்டி என்னையும் சேத்து வெளியில எடுத்து வை."

திறந்து காட்டச் சொல்லிக் கேட்டன். கூறைச் சாரி, வைகாசிச் சடங்குக்குக் கட்டுற மஞ்சச் சாரி, வெண்கலச் செம்பு, கும்பத்துக்கு விரிக்கிற வெள்ளைத் துணி, ஒரு பிஸ்கட் டின்னுக்குள்ள பழைய போட்டோ. எல்லாம் காஞ்சு கிடந்திச்சு, ஒரு பூஞ்சணப் புள்ளி இல்ல. தடிச்ச மரம், நல்லா மூடுற மூடி, பெட்டி தரையில படாம தூக்கிப் பிடிக்கிற கால். புது அலுமாரியில நான் காசு வாங்கிட்டுச் செய்யிற முக்காவாசி வேலை அந்தப் பெட்டகத்துல ஏற்கனவே இரிக்கு. அதால அத நடுவில வெச்சு ரெண்டு பக்கமும் அலுமாரிய ஏத்தினம். பெட்டகத்துக்கு மேல திறந்த இடம், கண்ணாடி, ஹூக் நாலு, இருந்து சப்பாத்துப் போடலாம். மூடி முழுசா நிமிர 2 அடிக்கு மேல வேணும், அத விட்டு அதுக்கு மேலதான் தட்டு. பெட்டகம் 26 இஞ்சி அகலம், அலுமாரி 24, அந்த ரெண்டு இஞ்சி முன்னுக்குத் தள்ளி நிக்குது. மகள் சுவரக் கொத்தி உள்ளுக்குத் தள்ளச் சொன்னா, நான் மாட்டன் எண்டுட்டன், அது வெளிச்சுவர்.

இன்னுமொண்டு, நான் எல்லா வீட்டுலயும் கேக்காமலே வரையிறது. காணி உறுதி, பிறப்புப் பத்திரம், ஐடென்டி காட், பாஸ்புக், புள்ளைகள்ட செட்டிபிகட். இஞ்ச ஒவ்வொரு வீட்டுலயும் அதுக்கெண்டு ஒரு பேக் இரிக்கு, இடம்பெயர்ந்த காலத்துலயும் 2004 சுனாமியிலயும் பேப்பர் இல்லாம அலைஞ்ச ஆக்களுக்கு ஏன் எண்டு தெரியும். அந்த பேக்குக்கு அலுமாரியில வாசலுக்குக் கிட்ட இரிக்கிற கதவுக்குள்ள, 5 அடி உயரத்துல, பூட்டு இல்லாம ஒரு பெட்டி. இருட்டுலயும் கை நேரா போகணும். நகைக்குப் பூட்டுப் போட்ட லாச்சி வேற இடத்துல, ரெண்டையும் ஒண்டா வைக்காதீங்க, நகையத் தேடி வாறவன் பேப்பரையும் தூக்கிட்டுப் போவான்.

ஸ்டோர் ரூம் பற்றிச் சுருக்கமா. பெரும்போகம் வெட்டினா நெல்லு மூடை வீட்டுக்கு வரும் எண்டா தட்டே அடிக்காதீங்க, கீழ மரச் சட்டம் போட்டு சுவர்ல இருந்து ஒரு அடி தள்ளி அடுக்க இடம் விடுங்க, பின்னால ஆள் போய் எலி பாக்கணும். குசினிக்கு டைல் ஒட்டின கொங்றீட் தட்டுத்தான் இண்டைக்கும் என்ட வோட்டு. லைட் வேணும் எண்டா கதவு திறக்க எரியிற எல்.ஈ.டி ஒண்டு காணும், வயர் போற ஓட்டைய பலகை பூட்ட முதலே சொல்லிருங்க.

காசு விசயத்துல, எழுத்துல வாங்குங்க. பலகை என்ன, எத்தனை மில்லிமீட்டர், ஹிஞ்சஸ் என்ன வகை, எட்ஜ் பேண்ட் எங்க எங்க எண்டு. "எல்லாம் நல்ல சாமான்தான் போடுவம்" எண்டுறது கொட்டேசன் இல்ல, நான் என்ட அண்ணனுக்கே அப்பிடிச் சொல்ல விடுறல்ல. கடைசிப் பங்குக் காச லாச்சி ஒவ்வொண்டையும் சாமான் போட்டு இழுத்துப் பாத்த பிறகு குடுங்க. வெட்டி மிஞ்சின துண்டுப் போர்ட், ஒரு முழம் எட்ஜ் பேண்ட், ஹிஞ்சஸ் ஒரு சோடி, இதுகளக் கேட்டு வாங்கி அலுமாரிக்கு மேலயே போட்டு வைங்க, ரெண்டு வருசம் கழிச்சு அதே கலரத் தேடினா கடையில கிடைக்காது.